கைக்குழந்தையோடு கேமரா முன் நிற்கலாமா? சிங்கப்பூர் இளம் பெற்றோருக்கு நான்கு வழிகள்

சிங்கப்பூரில் இருபது வயதைத் தாண்டுமுன் பிள்ளை பெறுகிறவர்கள் இப்போது மிகக் குறைவு. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் நம் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 0.97தான். முதல் பிள்ளையையே பெரும்பாலோர் முப்பதைத் தொட்ட பிறகுதான் பெறுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பத்தொன்பது வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பையனும் கைக்குழந்தையோடு மின்தூக்கியில் ஏறினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நிகழ்ச்சி தயாரிக்கிறவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். "உங்க கதை மத்தவங்களுக்கு உதவும். நடிக்கவே வேணாம், வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படி இருந்தாப் போதும்" என்று கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது.

என் அக்கா மகளுக்கு அப்படி ஒன்று வந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் விடுப்பு எடுத்திருந்தாள். கணவன் தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைச் சேவையில். குழந்தைக்கு ஐந்து மாதம். "சித்தி, கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டாள். அவளுக்காகத் தேடிப் படித்ததையும் யோசித்ததையும் அதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

வழிகள் நான்கு. மாதக்கணக்கில் வீட்டுக்குள் கேமரா வந்துபோகும் ரியாலிட்டி தொடருக்குச் சம்மதிப்பது முதலாவது. யாருக்கும் கொடுக்காமல் யூடியூப், டிக்டாக், இன்ஸ்டகிராமில் நாமே ஒரு பக்கம் நடத்துவது இரண்டாவது. ஒரே ஒரு முறை, ஒரு பேட்டியிலோ ஆவணப் படத்திலோ, பெற்றோர் மட்டும் பேசிவிட்டு வருவது மூன்றாவது. எதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நான்காவது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வழியை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது, வெளியே தெரிகிற அளவுக்குப் பாதுகாப்பானதில்லை. மூன்றாவது, சில நிபந்தனைகளோடு சிலருக்கு ஒத்துவரும். மீதி எல்லாருக்கும் நான்காவதுதான். இந்தக் குழந்தை பதினாறு வயதில் வந்து "இதை எடுத்துடுங்க" என்று கேட்டால் நம்மால் எடுக்க முடியுமா என்ற ஒரு கேள்வியை வைத்துத்தான் நான்கையும் அளந்தேன்.

தொடர் என்றால் எவ்வளவு நீளும்

இந்த வகை நிகழ்ச்சிக்கு எல்லாரும் காட்டும் முன்மாதிரி அமெரிக்காவின் எம்டிவி தொலைக்காட்சி. 2009 ஜூனில் '16 அண்ட் பிரெக்னன்ட்' தொடங்கியது. ஓர் அத்தியாயத்துக்கு ஒரு பெண். கர்ப்பத்தின் கடைசி மாதங்கள், பிரசவம், பிறகு தூக்கமில்லாத முதல் சில வாரங்கள், அதோடு சரி. அதே ஆண்டு டிசம்பரில், முதல் பருவத்தில் வந்த நான்கு பெண்களைப் பின்தொடர்ந்து 'டீன் மாம்' வந்தது. அது பல ஆண்டுகள் ஓடியது. 2011இல் வேறு நால்வரை வைத்து 'டீன் மாம் 2' வந்தது. முதல் நிகழ்ச்சிக்கு ஓர் அத்தியாயம் என்று ஒப்புக்கொண்ட பெண்களின் பிள்ளைகள், கேமராவுக்கு நடுவிலேயே பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

"மற்றவர்களுக்கு உதவும்" என்ற பேச்சை நான் வெறும் ஆசைவார்த்தை என்று தள்ளவில்லை. மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். '16 அண்ட் பிரெக்னன்ட்' வந்த பிறகான ஒன்றரை ஆண்டில் பதின்ம வயதுப் பிரசவங்கள் 5.7 விழுக்காடு குறைந்ததற்கு அந்த நிகழ்ச்சி காரணம் என்றது அது. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளைத் திரும்பப் பார்த்து, அந்த முடிவு நிற்காது என்று வாதிட்டார்கள். சரி, முதல் ஆய்வே உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பயனடைந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்த பெண்கள். திரையில் இருந்த குழந்தைக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. அதற்கு அந்த ஆய்வில் பதில் தேட முடியாது.

அந்தப் பதிலுக்கு அந்தக் குடும்பங்களைத்தான் பார்க்க வேண்டும். 'டீன் மாம்' தொடரில் வந்த ஆம்பர் போர்ட்வுட் தன் குழந்தையின் தந்தையை அடித்த காட்சி 2010இல் ஒளிபரப்பானது. அதைப் பார்த்துத்தான் காவல்துறை விசாரணையே தொடங்கியது, வழக்கும் வந்தது. அப்புறம் போதைப்பொருள் வழக்கும் சேர்ந்தது. 2012இல் சிறைக்குப் போனவர் 2013 இறுதியில்தான் வெளியே வந்தார். வீட்டில் அடிதடி நடந்தால் சட்டம் வரத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அந்தக் காட்சி நடந்த வீட்டில் நடக்கப் பழகும் வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. அம்மா அப்பாவை அடித்ததை அந்தக் குழந்தை தன் நினைவில் வைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் பெரியவளானதும் எந்நேரமும் தேடிப் பார்க்கலாம், கூடப் படிக்கிறவர்களும் பார்க்கலாம்.

அதே தொடரில் வந்த கேட்டலின் லோவெல், டைலர் பால்ட்டியெரா ஜோடி எடுத்த முடிவு வேறு. தாங்கள் வளர்ந்த வீட்டுச் சூழல் குழந்தைக்கு வேண்டாம் என்று, பிறந்த மகளைத் தத்துக் கொடுத்தார்கள். அந்த வயதில் அப்படி யோசித்ததற்கு எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. அவ்வப்போது சந்திக்கலாம் என்ற ஏற்பாட்டோடுதான் கொடுத்தார்கள். பிறகு, குழந்தையின் படத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று வளர்ப்புப் பெற்றோர் கேட்டுக்கொள்ள, அதில் வந்த மனத்தாங்கல் பல பருவங்களுக்குத் தொடரின் கதையாகவே ஓடியது. இரண்டு குடும்பங்கள் அமைதியாகப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். பக்கத்தில் மைக்கை வைத்துக்கொண்டு அதை எப்படித் தீர்ப்பது?

'டீன் மாம் 2'இல் வந்த செல்சி ஹவ்ஸ்கா 2020இல் விலகினார். மகள் வளர வளர, அவளோடு பேசும் சில பேச்சுகள் கேமராவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று தோன்றியதை ஒரு காரணமாகச் சொன்னார். பிறகு கணவரோடு சேர்ந்து வீடு புதுப்பிக்கும் நிகழ்ச்சி ஒன்றில் 2023இல் வந்தார். தொழிலாகவே இதைக் கொண்டுபோனவர்களில் அவர் நன்றாக நிலைபெற்றவர் என்றுதான் சொல்வேன். அவருமே விலகத்தான் முடிந்தது. பழைய பருவங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கையெழுத்துப் போடும் தாள்

இங்கே இளம் பெற்றோர் கவனிக்காமல் விடும் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் 18 முதல் 21 வயதுக்குள் திருமணம் செய்ய வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், திருமணத்துக்கு முன் ஆயத்த வகுப்புக்கும் போயாக வேண்டும். ஆனால் 2009 முதல், 18 வயது ஆகிவிட்டால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் நாமே கையெழுத்திடலாம், அது நம்மைக் கட்டுப்படுத்தும். அதாவது, பத்தொன்பது வயதில் பதிவுத் திருமணத்துக்கு அப்பா அம்மா வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அதே வயதில், பிறந்த குழந்தையின் முகத்தை ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க யாரும் வர வேண்டியதில்லை. "சின்னப் பிள்ளைங்க, தெரியாம போட்டுட்டாங்க" என்று பிறகு போய் நின்றால் எடுபடாது.

அக்கா மகளுக்கு வந்த தாளை வரிவரியாகப் படித்தோம். எடுக்கும் படத்தை உலகம் முழுவதும், இப்போது இருக்கிற, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும், கால வரம்பில்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி. விருப்பம்போல் வெட்டி ஒட்டலாம், ஒளிபரப்புக்கு முன் காட்டி ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்று இன்னொரு வரி. படப்பிடிப்பு நடக்கும் காலத்தில் வேறெந்த ஊடகத்திலும் பேசக் கூடாது, நிகழ்ச்சியைப் பற்றித் தவறாக எதுவும் சொல்லக் கூடாது. குழந்தையின் பெயர் எழுத ஓர் இடம், அதன் கீழே "பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து". வீட்டில் இருக்கும் மற்றவர்களும் ஆளுக்கொரு தாளில் கையெழுத்திட வேண்டும். நான்கறை வீட்டில் தாத்தா, பாட்டி, உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பி எல்லாரும் இருக்கிறார்கள். தம்பியின் வகுப்பில் யாராவது இதைப் பார்ப்பார்களா என்று அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை.

எடுக்க விரும்பும் காட்சிகளின் பட்டியலும் கூடவே வந்திருந்தது. முதலில் இருந்தது, பாட்டி குழந்தையைக் குளிப்பாட்டுவது. நமக்குத் தெரியும், காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கடைசியில் சாம்பிராணி காட்டுவது. பார்க்க அத்தனை அழகு. அதனால்தான் கேட்கிறார்கள். ஆனால் அது உடுப்பில்லாத ஒரு குழந்தையின் படம், அதுவும் காலவரம்பில்லாமல் வேறொருவர் கையில். அக்கா அதைப் படித்துவிட்டுத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

பாலுக்குப் பசித்து அழும் நேரம், கணவன் முகாமிலிருந்து வார இறுதிக்கு வரும் நேரம், பணத்துக்குச் சண்டை வரும் நேரம் என்று பட்டியல் நீண்டது. சண்டை வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் இளம் ஜோடிக்கு நடுவில், சண்டை எப்போது வரும் என்று மூன்றாவது ஆள் ஒருவர் காத்திருப்பது நல்லதில்லை. இரவு இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது என்று எல்லா வீட்டிலும்தான் சண்டை வருகிறது. மறுநாள் காலை அது போய்விடும். படமாக்கினால் போகாது.

நம் ஊர் சின்னது

அமெரிக்காவில் ஓடிய தொடரை நம் ஊருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுகிற சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. தமிழில் வரும் நிகழ்ச்சிக்குப் பார்வையாளர்கள் அவ்வளவுதான், அதனால் அதில் வருகிற பணமும் அதற்கேற்றபடிதான் இருக்கும். ஆனால் அடையாளம் தெரிவது எத்தனையோ மடங்கு அதிகம். தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது, தைப்பூசத்தில் பால்குடத்துக்கு வரிசையில் நிற்கும்போது, சமூக மன்றத்தில், கல்யாண வீட்டில், "நீ டிவியில வந்த பொண்ணுதானே?" என்று கேட்பார்கள். பெரும்பாலோர் அன்பாகத்தான் கேட்பார்கள். அன்பாகக் கேட்டாலும், பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

பிள்ளை தொடக்கநிலை ஒன்றுக்குப் போகும்போது இது இன்னும் நெருக்கமாகும். பல பள்ளிகளில் ஒரு நிலைக்குத் தமிழ் படிக்கும் மாணவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆறு ஆண்டும் கிட்டத்தட்ட அதே முகங்கள். அவர்களின் அம்மாக்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். "இவன் அம்மா அப்பாவுக்கு எப்படிக் கல்யாணம் ஆச்சு தெரியுமா" என்று அந்தக் குழுவில் ஒரு பழைய காணொளி வந்தால் போதும். எட்டு வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்?

பணம்தான் காரணம் என்றால்

பல ஜோடிகள் முதல் வழியைப் பார்ப்பதற்குக் காரணம் புகழாசை இல்லை, கை இறுக்கம். பால் மாவு, அணையாடை, தடுப்பூசிக்குப் போக வர வாடகைக் கார், இதற்கே மாதம் ஒரு தொகை போகிறது. தேசிய சேவையில் இருக்கும் பையனுக்குக் கிடைப்பது மாதப் படித்தொகைதான், வெளியில் வேலை பார்க்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே நிகழ்ச்சிக்காரர்கள் எவ்வளவு கொடுத்தாலும், அதற்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள்.

2023 பிப்ரவரி 14 முதல் பிறந்த சிங்கப்பூர்க் குடியுரிமைக் குழந்தைக்கு, முதல் பிள்ளையாக இருந்தால், குழந்தை போனஸ் ரொக்கம் 11,000 வெள்ளி. ஆறரை வயதுவரை தவணை தவணையாக வரும். குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் முதல்படி மானியம் 5,000 வெள்ளி தானாகச் சேரும். அதற்குமேல் நாம் போடும் சேமிப்புக்கு ஈடாக, முதல் பிள்ளைக்கு 4,000 வெள்ளிவரை அரசாங்கமும் போடும். திருமணம் ஆகாத தாய்க்கு ரொக்கம் கிடைக்காது. ஆனால் குழந்தை மேம்பாட்டுக் கணக்கு உண்டு. வேலையில் இருந்து தகுதி பெற்றிருந்தால் 16 வாரச் சம்பளத்துடன்கூடிய மகப்பேறு விடுப்பும் 2017 முதல் உண்டு. இது தெரியாமலே சிலர் பிள்ளை பெற்ற சில வாரங்களில் வேலைக்குத் திரும்புகிறார்கள். மனம் கஷ்டப்படுகிறது.

சிசு பராமரிப்பு நிலையங்கள் இரண்டு மாதம் முதல் பதினெட்டு மாதம்வரை குழந்தைகளை எடுக்கின்றன. தாய் வேலையில் இருந்தால் அடிப்படைக் கட்டணக் கழிவு மாதம் 600 வெள்ளி, இல்லாவிட்டால் 150 வெள்ளி. தாய் வேலையில் இருந்து, குடும்ப மாத வருமானமும் 12,000 வெள்ளியைத் தாண்டாமல் இருந்தால், வருமானத்தைப் பொறுத்து மேலும் 710 வெள்ளிவரை கழிவு உண்டு. படிக்கும் தாய், வேலையில் இருக்கும் தாய்க்கான கழிவைப் பெற நிலையத்தின் மூலம் சிறப்பு அனுமதி கேட்டுப் பார்க்கலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கும் வழி இருக்கிறது. 21 வயதானதும் ஜோடியாகச் சேர்ந்து வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவு செய்த பிறகு கட்டப்படும் வீட்டுக்கு, விண்ணப்பிக்கலாம். இருவரில் ஒருவர் முழுநேர மாணவராகவோ தேசிய சேவையிலோ இருந்தால், வருமான மதிப்பீட்டைச் சாவி வாங்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்துக்கொள்ளும் சலுகை 2024 ஜூனில் விரிவாக்கப்பட்டது. நம்மைப் போன்றவர்களுக்கு என்றே வந்தது மாதிரி இருக்கிறது. வீடு கட்டி முடியும்வரை, மணமாகிக் குழந்தை இருக்கும் குறைந்த வருமானக் குடும்பங்கள் வீவகவிடமிருந்தே தற்காலிகமாக வாடகைக்கு எடுக்கவும் தனித் திட்டம் உண்டு.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டினால், தொடர் தரும் பணம் நினைத்த அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. இந்தப் பணத்துக்கு யாரும் குழந்தையின் முகத்தைக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் திக்கினால் அருகில் உள்ள குடும்பச் சேவை நிலையத்துக்கோ சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கோ போங்கள். தமிழிலேயே பேசலாம்.

நாமே நடத்தும் பக்கம்

"அப்போ நாங்களே யூடியூப் பண்றோம், எதைப் போடறது எதை விடறதுன்னு எங்க கையில இருக்கும்" என்று அடுத்து வரும். இதில் நியாயம் இருக்கிறது. வெட்டி ஒட்டும் உரிமை நம்மிடம் இருக்கும், அழிக்கவும் முடியும். முதல் வழியைவிட இது மேல்தான்.

ஆனாலும் நான் தயங்குகிறேன். விளம்பர வருமானம் வர யூடியூப் கேட்பது 1,000 சந்தாதாரர்கள், அதோடு ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வை, அல்லது குறுங்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். அந்த எண்ணிக்கையைத் தொட, வாரா வாரம் ஏதாவது போட்டே ஆக வேண்டும். சமையல் போட்டால் ஐம்பது பேர், குழந்தை சிரித்தால் ஐயாயிரம் பேர். இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு, குழந்தையைக் காட்டாமல் இருக்கப் பெரிய மனக்கட்டுப்பாடு வேண்டும். தொடர் என்றால் படப்பிடிப்புக் குழு ஆறு மணிக்குக் கிளம்பிவிடும். இதில் படம் எடுக்கிறவர் வீட்டிலேயே இருக்கிறார், அது அம்மாவோ அப்பாவோதான்.

பார்க்கிறவர்கள் யார் என்பதும் நம் கையில் இல்லை. 2019இல் யூடியூப், சிறுவர்கள் வரும் கோடிக்கணக்கான காணொளிகளில் கருத்திடும் வசதியையே அடைத்தது. பிள்ளைகளைத் தவறாகப் பார்க்கிறவர்கள் அங்கே கூடியதுதான் காரணம். அந்தக் காணொளிகளில் பல, பெற்றோர் பாசத்தோடு போட்டவை. நம் ஊரில் இன்னொன்று: பின்னணியில் புளோக் எண் தெரிந்துவிடும், பாலர்பள்ளிச் சட்டை தெரிந்துவிடும், தினமும் எத்தனை மணிக்குக் கீழ்த்தளத்துக்கு வருகிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

வருமானம் பிள்ளைக்குச் சேருமா என்றால், பிரான்ஸ் 2020இல் சட்டம் போட்டது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் சம்பாதித்தது அவர்கள் பேரில் கணக்கில் இருக்க வேண்டும், தன் காணொளியை நீக்கச் சொல்லும் உரிமையும் பிள்ளைக்கு உண்டு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 2024 ஜூலை முதல், பிள்ளையை வைத்துச் சம்பாதிக்கும் பெற்றோர் அதன் பங்கை எடுத்துவைக்க வேண்டும். இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே பக்கம் நடத்தியே தீருவேன் என்கிறவர்கள், வருமானத்தில் பாதியைப் பிள்ளையின் பெயரில் போடுவதை இன்றைக்கே தொடங்குங்கள். வரும் பணத்துக்கு வருமான வரி கணக்குக் காட்ட வேண்டும், நிறுவனங்கள் பொருளாகக் கொடுப்பதும் வருமானத்தில் சேரும். சுயதொழில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். கணவன் தேசிய சேவையில் இருந்தால், முகாமுக்குள் எடுத்த எதையும் போட்டுவிடாதீர்கள்.

முகம் காட்டாமல், கை மட்டும் தெரிய, குரலில் பேசி நடத்தும் பக்கங்கள் சில இருக்கின்றன. இளம் தாயாகப் படிப்பைத் தொடர்வது எப்படி, கட்டணக் கழிவுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொல்கிறார்கள். பார்வைகள் குறைவுதான். ஆனால் இந்த வழியில் எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரு முறை பேசிவிட்டு வருவது

தன் கதையைச் சொல்ல வேண்டும் என்ற ஆசை தப்பே இல்லை. சுற்றியிருக்கிறவர்கள் மாதக்கணக்கில் நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாம் வாயே திறக்காமல் இருப்பது வலிக்கும். பத்தொன்பது வயதில் தாயான பெண் ஒருத்தி தலை நிமிர்ந்து பேசுவதை, அதே நிலையில் பயந்துகொண்டிருக்கும் இன்னொருத்தி கேட்டால் நல்லதுதான். அதற்கு இந்த மூன்றாவது வழி போதும்.

நான் வைக்கும் நிபந்தனைகள்: குழந்தை படத்தில் இருக்காது, பெயரும் வராது. பேசுவது நடந்து முடிந்த விஷயம், நடந்துகொண்டிருக்கும் சண்டை இல்லை. படப்பிடிப்பு வீட்டுக்கு வெளியே. வெளிவருவதற்கு முன் ஒரு முறை பார்க்கவோ படிக்கவோ கொடுக்க வேண்டும். தாத்தா பாட்டியைப் பற்றிச் சொல்வதை அவர்களிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பலருக்குக் கஷ்டம். ஆனால் பெற்றவர்கள் திட்டியதைத் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை அதே பெற்றவர்கள் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும்.

அக்கா மகள் இந்த நிபந்தனைகளை அந்த நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினாள். குழந்தை இல்லாமல் நிகழ்ச்சி இல்லை என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்கள். அவளும் விட்டுவிட்டாள். எழுத்தில் வரும் பேட்டியோ வானொலியோ என்றால் இந்த நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வேண்டாம் என்பது

இதற்கு அதிகம் விளக்கம் தேவையில்லை. "நாங்கள் பேசி முடிவெடுத்தோம். குழந்தை தானே விவரம் புரிந்து சம்மதம் சொல்லும் வயது வரும்வரை எந்தப் படப்பிடிப்பும் வேண்டாம். அழைத்ததற்கு நன்றி." இந்த மூன்று வரி போதும். காரணம் கேட்டு மறுபடி எழுதினால் பதில் போட வேண்டியதில்லை.

இளம் பெண்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் உண்மையாகவே இருந்தால், 21 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளுக்குக் கைகொடுக்கும் பேப்ஸ் போன்ற அமைப்பு இருக்கிறது. அங்கே போய் ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம்.

யாருக்கு எது

இன்னும் திருமணம் ஆகவில்லை, இரு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நான்காவது வழிதான், வேறு யோசனையே வேண்டாம். அமெரிக்கத் தொடரில் ஒவ்வொரு பருவத்தையும் இழுத்துக்கொண்டுபோனவை கல்யாணமா, தத்தா, படிப்பா, யார் வீட்டில் இருப்பது என்ற கேள்விகள்தான். அந்தக் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் தேடும் நேரத்தில் கேமரா இருந்தால், பதில் பார்வையாளருக்கேற்றபடி மாறிவிடும்.

கணவன் தேசிய சேவையை முடித்து, இருவரில் ஒருவருக்காவது நிலையான வேலை கிடைத்து, வீட்டில் பெரியவர்களோடு சமாதானமும் ஆகிவிட்டது என்றால், மூன்றாவதை யோசிக்கலாம். கேமரா, எடிட்டிங் இதில்தான் உண்மையான ஆர்வம் என்கிற பெண்ணுக்கு நான் சொல்வது வேறு: பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் ஊடகப் படிப்பு இருக்கிறது, குழந்தையைப் பராமரிப்பில் விட்டுவிட்டு அதில் சேர்ந்துவிடு. கேமராவுக்குப் பின்னால் நின்று சம்பாதி.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் இதைப் படிக்கலாம். படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றைக்கே மின்னஞ்சலில், தேதி தெரிய, விலக விரும்புவதாக எழுதுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். தொடங்கிவிட்டது என்றால், குழந்தை வரும் எந்தக் காட்சிகள் வேண்டாம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். குளிப்பாட்டும் காட்சியில் தொடங்குங்கள், அதில் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு புரோ போனோ எஸ்ஜி என்ற அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக்கு முன்பதிவு செய்யுங்கள். தாத்தாவையோ விவரம் தெரிந்த ஒரு பெரியவரையோ கூட அழைத்துப் போங்கள். ஒளிபரப்பான பிறகு யாராவது உங்களையோ பிள்ளையையோ இணையத்தில் தொல்லை செய்தால், முகவரி தேடி வெளியிட்டால், திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு ஆணை கேட்டு நீதிமன்றம் போகலாம், 2021 முதல் அதற்கென்றே தனி நீதிமன்றம் இருக்கிறது.